எடுத்து வைத்த கடை

தமிழில் செயப்படுபொருளைச் சொல்லாமலே ஒரு வாக்கியத்தை முடித்துவிடலாம். இதனை நம் மொழியின் சிக்கனம் என்று வகுப்பறையில் பல்லாண்டுகள் பெருமையோடு சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தச் சிக்கனத்தால் என் மனைவி, நோயுற்ற தன் தமக்கையைப் பார்க்க வழியின்றி வாரக்கணக்கில் வீட்டிலேயே இருக்க நேர்ந்தது.

எங்களிடம் ஒரு பழைய அம்பாசிடர் உண்டு. பழம்பொருள் மீதுள்ள காதலால் அதனை வைத்திருக்கவில்லை. என் மனைவியின் வலது முழங்கால் மடங்காது. இக்காலத்துக் கார்களில் ஏறினால் அவள் கால் முன்னிருக்கையின் முதுகில் முட்டும். பேருந்தின் படியோ அவளுக்கு எட்டாத உயரம். அம்பாசிடரின் பின்னிருக்கை மட்டும் ஒரு சிறு கட்டிலைப் போன்றது. கதவோரம் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டால் சேத்தூர்வரை வலியில்லாமல் வந்துவிடுவாள். சேத்தூரில் அவளுடைய அக்கா படுத்த படுக்கையாக இருக்கிறார். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து புறப்பட்டு, இராஜபாளையம் வழியாக அங்கே போவது எங்கள் வழக்கம்.

பழைய கார்களின் இருக்கைகளுக்கு வேண்டிய ரெக்சின், விளிம்பில் வைத்துத் தைக்கும் பைப்பிங், தேங்காய்நார் மெத்தை, சுருள்கம்பி ஆகிய எல்லாவற்றையும் விற்ற கடை இராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட்டைத் தாண்டி இருந்தது. மதுரையிலிருந்துகூட அங்கே வந்து வாங்கிப் போவார்கள். எங்கள் வண்டியின் முன்னிருக்கைக்கும் கதவுகளுக்கும் அங்கிருந்து வந்த மெரூன் நிற ரெக்சினைத்தான் போட்டிருந்தோம். பின்னிருக்கை பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நின்றுபோயிற்று. அதன் தையல் விட்டுக் கம்பி வெளியே தலைநீட்டியபோது கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“அதே மெரூன் இருக்கா? பின் சீட்டுக்கு வேணும். மழை விட்டதும் வாரேன்.”

“இருக்கு சார். இந்த மாசத்தோட எடுத்து வச்சிருதேன். பாத்து வாங்க.”

எனக்காக எடுத்து வைக்கிறேன் என்கிறாரே, எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியிலேயே எங்கள் ஊரில் தேரடிப் பக்கம் சீட்டு தைப்பவரிடம் வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். அவரும் அன்றே பழைய உறையைக் கம்பி தெரிய உரித்துப்போட்டார். மழை ஓய்ந்தது, மாதமும் மாறியது. நான் இராஜபாளையம் போய்ச் சேர்ந்தபோது கடையின் நெற்றியில் கைபேசி உறைகளின் படம் போட்ட புதுப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

மாடியில் குடியிருந்த கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டுப் பனியனோடு இறங்கி வந்தார்.

“என்ன சார், இப்ப வந்து நிக்கீக? இந்த மாசத்தோட எடுத்து வச்சிருதேன்னு சொன்னேன்லா?”

“மெரூனத்தானே எடுத்து வைக்கிறதாச் சொன்னீங்க?”

“மெரூனையா? கடைய சார், கடைய!”

“கடைய மூடப்போறேன்னு சொல்லியிருக்கலாமே.”

அவர் முகம் சுண்டிவிட்டது. “எம்புட்டு வருசம் சோறு போட்ட எடம். அதப் போயி அந்த வார்த்த சொல்லுவாகளா? நீங்க தமிழ் வாத்தியார் வேற.”

உண்மைதான். விளக்கை அணைப்பதில்லை, அமர்த்துகிறோம். கடைவீதியில் எவரும் கடையை மூடுவதில்லை. இரவுதோறும் எடுத்து வைக்கிறார்கள். இலக்கணத்தில் இதற்கு மங்கலம் என்று பெயர். இதனைத் தேர்வில் கேட்டு மதிப்பெண்ணும் குறைத்திருக்கிறேன். ‘மாசத்தோட’ என்பதிலிருந்த ‘ஓடு’ என்னும் உருபையாவது நான் எடைபோட்டிருக்கலாம் என்பீர்கள்; ‘மாதத்திற்குள்’ என்று அவர் சொல்லவில்லையே. ரெக்சின் கேட்டுத் தொலைபேசுகிறவன் வேற்றுமை உருபையா எடைபோட்டுக்கொண்டிருப்பான்? ‘கடையை’ என்னும் மூன்றெழுத்தைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

இருந்த சரக்கையெல்லாம் பள்ளிக்கூடப் பை தைப்பவர் ஒருவர் மொத்தமாக அள்ளிப் போய்விட்டாராம். கடைக்காரர் மாடியில் தேடிப் பார்த்து, கைக்குட்டை அளவுள்ள ஒரு மெரூன் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அவரிடம் வருத்தத்தின் சாயல்கூட இல்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“இனிமே காலையில அய்யனார் கோவிலுக்குப் போயி, அருவியில செத்த நேரம் நின்னுட்டு வருவேன் சார். மெரூன் இருக்கா, பச்ச இருக்கான்னு ஒரு பய போன் போட மாட்டான்” என்றார் சிரித்தபடி. அந்தப் பயல்களில் ஒருவனிடம்தான் அதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அந்தத் துண்டோடு இரண்டு ஊர்க் கடைகளிலும் ஏறி இறங்கினேன். “அம்பாசிடருக்கா? வித்துருங்க சார்” என்றார் ஒருவர். புதுக் கார்களுக்கு அளவெடுத்த உறையொன்றை விரித்துக் காட்டி, “இழுத்து மாட்டினா உக்காந்துரும்” என்றார் இன்னொருவர். இணையத்தில் மெரூன் என்று தருவித்தது வெங்காயத் தோலின் நிறத்தில் வந்து சேர்ந்தது; திருப்பி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. வண்டி தேரடியில் கம்பியோடு நின்றது. மனைவி தெருமுனைத் தேவாலயத்தில் ஆராதனை முடிந்து நடந்து வந்ததும் காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு அக்காவோடு கைபேசியில் பேசுவாள். அக்காவுக்குக் காது மந்தம். அவர் பேசுவது அடுத்த அறைக்கும் கேட்கும்.

“ஒம்புருசன் இன்னமும் நெறந்தான் பாக்காராக்கும்?”

“பாத்துக்கிட்டேதான் இருக்காக, அக்கா.”

“ஏட்டி, நான் கண்ண மூடின பொறவு எந்த நெறத்துல உக்காந்து அழுவதுக்கு வரப்போற?”

அந்த வாக்கியத்தில் செயப்படுபொருள் தெளிவாகவே இருந்தது. நான் என் அறையில் கையில் அந்த மெரூன் துண்டோடு உட்கார்ந்திருந்தேன்.

மனைவி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் அறை வாசலில் வந்து நின்று, சீட்டு தைப்பவரைத் தானே கைபேசியில் கூப்பிட்டாள். “அண்ணே, எது கெடைக்குதோ அதப் போட்டுருங்க. உக்கார எடம் வேணும், அம்புட்டுத்தான்.” என் பக்கம் திரும்பி, “சீட்டு உக்காரவா, ஒங்களுக்குப் பாக்கவா?” என்றாள்.

சோபாவுக்குப் போடும் காப்பிக்கொட்டை நிற ரெக்சின் கிடைத்ததாம். மெரூனுக்குப் பக்கத்தில் அது மண்ணப்பியதுபோல் இருக்கிறது. வழுக்கவும் செய்கிறது, திருப்பங்களில் மனைவி கதவின் கைப்பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதல் ஞாயிறன்று இராஜபாளையத்தில் அந்தப் புதுப் பலகையைக் கடக்கும்போது பின்புறம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தேன். அந்த நிறமும் அதன்மேல் நீட்டிக் கிடந்த அவள் காலும் தெரிந்தன. கண்ணாடியை மேலே தள்ளிவிடலாமா என்று நினைத்தேன்; ஓட்டுகிறவன் அப்படிச் செய்ய முடியாது.

கடைக்காரரோடு நடந்த அந்தத் தொலைபேசிப் பேச்சுக்குப் பிறகு எனக்கொரு வழக்கம் ஒட்டிக்கொண்டது. செயப்படுபொருளை விட்டுவிட்டு எவர் எதைச் சொன்னாலும் ‘எதை?’ என்று கேட்டுவிடுகிறேன். காய்க்காரம்மா “போடட்டுமா?” என்றால் எதை, பக்கத்து வீட்டார் “முடிச்சாச்சா?” என்றால் எதை. மனைவிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

சேத்தூரில் அக்காவும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு பேசித் தீர்த்தார்கள். பொழுது சாய்ந்ததும் மனைவி எழுந்து, “நேரமாயிட்டு. எடுங்க” என்றாள்.

“எதை?” என்றேன், வகுப்பறைக் குரலில்.

வண்டிச் சாவி என் கையில்தான் இருந்தது. படுக்கையிலிருந்த அக்கா இருமும்வரை சிரித்தார்.

“ஏட்டி, ஒம்புருசனோட அந்த ‘எதை’ய மொதல்ல எடுத்து வைக்கச் சொல்லு.”