நடவு வயலில் ஒரு கோர்ட்டு

நாற்று முடியை இடது கையில் வைத்துக்கொண்டு, குனிந்த முதுகு நிமிராமல், எல்லையம்மாள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "பொண்டாட்டிய வேணாம்னு விட்டுட்டுப் போனானே அந்த லாரிக்காரன், எனக்கு வருமானமே இல்லீங்கன்னு கையக் கட்டிக்கிட்டு நின்னான். கையில என்னா? பளபளன்னு வாட்ச்சு! ஜட்ஜய்யா அதையே பாத்தாங்க. மாசாமாசம் ஜீவனாம்சம் குடுடான்னு எழுதிட்டாங்க."

வரிசையில் நடுகிற பெண்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். கை நின்றுவிடுமோ என்று வரப்பில் குடை பிடித்து நிற்கும் எனக்குத்தான் கவலை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டும் வாய் இங்கே எடுபடாது. நானும் அடுத்த தீர்ப்புக்குக் காது கொடுத்துவிடுவேன்.

எல்லையம்மாள் மன்னார்குடி கோர்ட்டுக்குப் போவது வேடிக்கை பார்க்க அல்ல. அவர் குடிசை நிற்கும் மனை மிராசுதார் துரைராசுவின் பெயரில் இருந்தது. விவசாயத் தொழிலாளிக்கு அவர் குடியிருக்கும் மனை சொந்தம் என்று புதுச் சட்டம் வந்த கையோடு, இவள் என் பண்ணை ஆளே இல்லை, காலி செய்யட்டும் என்று துரைராசு வழக்குப் போட்டுவிட்டார். விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் எல்லையம்மாளுக்கு வக்கீல் வைத்துக் கொடுத்தார்கள். அதிலிருந்து வாய்தா மேல் வாய்தா.

தன் பெயரைக் கூப்பிடும்வரை மனுஷி சும்மா உட்கார மாட்டார். யார் வழக்கில் தீர்ப்பு என்றாலும் வாசற்படி ஓரம் நின்று கேட்டுவிடுவார். "இங்கிலீஷில் அல்லவா வாசிப்பார்கள், எப்படிப் புரிகிறது?" என்று கேட்டேன். "ரெண்டு பக்கத்து மூஞ்சியையும் பாத்தா பாதி தெரிஞ்சிடும் டீச்சர். மீதிய குமாஸ்தாகிட்ட கேட்டுக்குவேன்."

எங்கள் வயலில் அப்பீலும் உண்டு. பம்புசெட்டு மோட்டார் திருடியவனைச் சாட்சி இல்லை என்று விட்டுவிட்ட செய்தி வந்ததும், பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த சுந்தரி இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து அவனை ஆறு மாதம் உள்ளே போட்டாள். ஒரு தென்னைக்காக அண்ணன் தம்பி அடித்துக்கொண்ட வழக்கில் மட்டும் யாரும் மறுத்துப் பேசவில்லை. "மரம் எந்தப் பக்கம் சாஞ்சா என்ன, வேரு யாரு மண்ணுல நிக்கிதோ அவங்களுக்குத்தான் மரம்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டு, எல்லையம்மாள் அடுத்த நாற்றைச் சேற்றில் ஆழமாக ஊன்றினார்.

அவர் கொல்லையில் கீரை இருக்கும், அவரை இருக்கும், கூரை மேல் பூசணி படர்ந்திருக்கும். எல்லாம் சில மாதத்தில் பலன் கொடுத்துவிடுகிறவை. ஒரு தென்னை வைத்தால் என்ன என்று ஒருமுறை கேட்டு வைத்தேன். "காய்க்கிறப்ப யாரு பறிப்பாங்கன்னு தெரியாம எப்புடி வைக்கிறது? தீர்ப்பு வரட்டும்." ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது எனக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தத் தீர்ப்பு வந்தது. சாயங்கால பஸ்ஸுக்காக நாங்கள் எல்லோரும் ரோட்டுக்கே போய் நின்றோம். பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியது ஒரு தென்னங்கன்று. அதற்குப் பின்னால்தான் எல்லையம்மாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்னக்கா சொன்னாங்க? வெவரமாச் சொல்லு!" என்று சுந்தரி அவரைப் பிடித்து உலுக்கினாள். ஊரார் வழக்கையெல்லாம் வாட்ச்சு வரைக்கும் விடாமல் சொல்லும் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. சிரிக்கிறார், மூக்கைச் சிந்துகிறார், மறுபடி சிரிக்கிறார். கண்டக்டர் இப்ராஹிம்தான் படியில் தொங்கியபடி சொன்னார்: "மிராசுதாரு கேஸு தள்ளுபடி! மன்னார்குடியிலேருந்து பஸ்ஸு பூராவுக்கும் சொல்லிச் சொல்லி அம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. கன்னுக்கு நான் லக்கேஜ் போடலே!"

கொல்லை வேண்டாம் என்று வாசல் ஓரமே குழி வெட்டினார். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டுமாம். துரைராசு மேல்கோர்ட்டுக்குப் போவாராமே என்று சுந்தரி இழுத்தாள். "போவட்டும். அவரு போயிட்டு வர்றதுக்குள்ள இது ஆள் உசரம் வந்துடும்" என்றார் எல்லையம்மாள், கட்டிப்போன குரலில். மண்ணை மிதித்து இறுக்கி ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். பிறகு, முழங்கால் உயரமே இருந்த கன்றை விட்டுவிட்டு, நெற்றியில் கை வைத்து அண்ணாந்து, அது குலை தள்ளப் போகும் உயரத்தைப் பார்த்தார்.