கப்பலில் வந்த ஜன்னல்கள்

எங்கள் வீடு முதலில் முசஃபாவில்தான் எழுந்தது.

ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. அபுதாபிக்கு வெளியே அந்தத் தொழிற்பேட்டையில், எங்கள் பட்டறைக்குப் பின்னால் வெறும் மணல். வெட்டி ஒதுக்கிய அலுமினியத் துண்டுகளை ஒன்றோடொன்று முட்டவைத்து அடுக்கினேன். நீளத் துண்டெல்லாம் கூடம். குட்டைத் துண்டெல்லாம் குளியலறை. வெயில் ஏற ஏற வீடு தகதகத்தது. சுவர் கணுக்கால் உயரம். கூரை, அபுதாபியின் முழு ஆகாயம். பென்சிலும் காகிதமுமாய்ப் பல மாதம் கிறுக்கிப் பார்த்துச் சலித்திருந்தேன். நடந்து பார்க்க வேண்டும் என்று கால் பரபரத்தது.

ஜன்னல் செய்யும் பட்டறையில் எனக்கு வேலை. பகலெல்லாம் அடுத்தவர் கட்டடங்களுக்கு வெளிச்சம் வெட்டிக் கொடுப்பேன். தூங்குவது கேம்ப்பில், இரட்டைக் கட்டிலின் மேல்தட்டில். மனைவியும் மகளும் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் என் அண்ணன் வீட்டு முன்னறையில் இருந்தார்கள். அண்ணன் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் போய் இறங்கும் நான் அங்கே விருந்தாளி. எத்தனை வருஷமாக இருந்தும் என் மனைவியும் விருந்தாளி. வாய்விட்டுச் சிரிப்பு வந்தால்கூட, வாயைப் பொத்த அவள் முந்தானையைத் தேடுவாள். இருவருக்கும் ஒரே ஆசைதான். அடுத்த லீவு சொந்த வீட்டில். ஒரு வாரமாவது, எங்கள் மூன்று பேருக்கும் என்று ஒரு கூரை. நான் திரும்பப் பிளேன் ஏறியபிறகு வீடு முடிந்தால், இன்னும் இரண்டு வருஷத்துக்கு அது எனக்கு வெறும் போட்டோ.

மணல் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். பக்கத்துத் தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த பாய் வந்தார். தொண்டிக்காரர், எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். என் அறையில் கீழ்க்கட்டிலில் படுக்கும் அரியலூர் வெல்டரும் வந்தான். பாய் வாசல் துண்டுக்கு முன்னால் நின்று செருப்பைக் கழற்றினார்.

"வலது காலை எடுத்து வெச்சு வாங்க பாய்," என்றேன்.

வெல்டர் பக்கவாட்டில் தாண்டி உள்ளே குதித்தான்.

"அட அறிவுகெட்டவனே, சுவரேறிக் குதிக்கிறியே, நீ என்ன திருடனா? அம்மாம்பெரிய வாசல் இருக்குல்ல?" என்று பாய் சத்தம் போட்டார். அவன் வெளியே போய், இல்லாத காலிங்பெல்லை அழுத்திவிட்டு, "உள்ள வரலாமாண்ணே?" என்று வந்தான்.

கூடத்தில் எல்லோரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். மணல் சுட்டது. படுக்கையறைக்கு எழுந்து போனபோது பாய் கைகளை விரித்தார். இரண்டு பக்கமும் சுவரைத் தாண்டி விரல்கள் வெளியே போயின.

"தம்பி, இது பெட்ரூமா, பீரோவா?"

"ஏன் பாய், கேம்ப்ல இதே அளவுல ஆறு பேர் படுக்கறோமே?"

"மேலயும் கீழயுமா படுக்கறீங்க. நீ ஊர்ல தங்கச்சிய மேல்தட்டுல ஏத்தப்போறியா?"

வெல்டர் மணலில் புரண்டு சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் கட்டில் அளவிலேயே வாழ்ந்து என் கண் சிறுத்துப்போயிருந்தது. அங்கேயே சுவரைக் காலால் தள்ளினேன். வீடு பெரிதாயிற்று. ஒரு சுவரைக் காலால் தள்ளும் சுகம் இருக்கிறதே, அதை எந்த ராஜாவும் அனுபவித்திருக்க மாட்டான்.

அப்போதே மனைவிக்குப் போன் போட்டேன். கார்டில் மிச்சம் எவ்வளவு என்று பார்க்கவில்லை.

"இப்ப எங்க நிக்கிறீங்க?"

"நம்ம அடுப்படியில."

"ஜன்னல் வழியா என்ன தெரியுது?"

பார்த்தேன். "ஒரு தண்ணி டேங்கர் நிக்குது. அடியில பூனை தூங்குது."

அவள் முந்தானை தேடாமல் சிரித்தாள். பிறகு சொன்னாள், "எனக்கு ரோடு தெரியணுங்க. சோறு பொங்குறப்ப யார் போறா, யார் வர்றான்னு பாக்கணும். பெருசா வையுங்க."

வைக்கிறேன் என்றேன். சொன்னேனே தவிர, வரைபடத்தில் இருந்த அளவை மாற்றவில்லை; அடுப்படிக்கு அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு எல்லாம் ஓட்டம். அவளிடமிருந்து மிஸ்டு கால் வந்தால், கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டுக் கூப்பிடுவேன். "வானம் தோண்டியாச்சு," என்றாள் ஒருநாள். எங்கள் பக்கம் அஸ்திவாரக் குழிக்கு வானம் என்றுதான் பேர். எனக்குப் புல்லரித்தது. பட்டறை இரைச்சலுக்கு நடுவே, "நல்லா ஆழமா தோண்டச் சொல்லு!" என்று கத்தினேன். ஃபோர்மேன் பாகிஸ்தானி, "க்யா ஹுவா, லாட்டரி லகீ?" என்று கேட்டார், லாட்டரி விழுந்ததா என்று. ஆமாம் என்று தலையாட்டினேன். செங்கல் வந்தது. மணல் வந்தது. அடித்தளம் எழுந்தது. அவள் தினமும் காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, நாங்கள் வாங்கிப்போட்டிருந்த மனைக்குப் போய் நிற்பாள், தண்ணீர் பிடித்துச் சுவரை நனைப்பாள், கொத்தனாரோடு மல்லுக்கட்டுவாள். நான் இங்கே சைட்டில் பிறர் கட்டடத்துச் சுவர்களைத் தட்டித் தட்டிப் பார்ப்பேன். எல்லாச் சுவரும் எனக்குச் சொந்தக்காரனைப்போலத் தெரிந்தது.

ஜன்னல்களை நானே செய்வது என்று முடிவு செய்தேன். வேறு யார் செய்வது? வெள்ளிக்கிழமைகளில் ஃபோர்மேன் மிஷினைத் திறந்துவிட்டார். பழுப்பு நிறச் சட்டம். மூலை சேரும் இடத்தில் நகம்கூட நுழையாது. ஒரு விரலால் தள்ளினால் கண்ணாடி வெண்ணெயாய் நகரும். கொசுவலை தனி. ஒவ்வொன்றையும் முடித்து நிறுத்தி, அதன் வழியே முசஃபாவைப் பார்ப்பேன். பஞ்சர் கடை, கிரேன், காயும் பனியன்கள். எல்லாமே அழகாகத் தெரிந்தன. பாய் தன் ஊருக்குப் போகும் சரக்கோடு சேர்த்துக் கப்பலில் ஏற்ற ஒத்துக்கொண்டார்.

அந்தச் சமயம் அவளிடமிருந்து மிஸ்டு கால் அல்ல, நேரடிக் காலே வந்தது.

"சுவரு இடுப்பளவுல நிக்குதுங்க. கொத்தனார் ஜன்னல் எங்கங்கிறார்."

"ஜன்னல் கடைசியில வரும். ஓட்டை விட்டுட்டுக் கட்டச் சொல்லு."

போன் கை மாறியது. கொத்தனாரின் குரல். "மாப்ள, சட்டத்தை நிறுத்தித்தான் சுவரைக் கட்டிப்பிடிச்சு எழுப்பணும். சட்டம் இல்லாம எழுப்புனா அது ஜன்னலு இல்ல, எலிப்பொந்து. உங்க துபாய்ல எப்படியோ, நம்மூர்ல சட்டம்தான் முதல்ல."

இது துபாய் இல்லை, அபுதாபி என்பது நாக்கு நுனிவரை வந்தது. அவர் சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. இரண்டு ஊர்களின் வேலைமுறை என் வீட்டுச் சுவரில், இடுப்பளவில், முட்டிக்கொண்டு நின்றது. லீவு ஏற்கெனவே உறுதியாகியிருந்தது. சுவர் நின்றால் கூரை இல்லை. கூரை இல்லையென்றால் மறுபடியும் அண்ணன் வீட்டு முன்னறை.

வழி கண்டுபிடித்தவள் அவள்தான். "ஒவ்வொரு ஜன்னலும் என்ன அளவுன்னு மட்டும் சொல்லுங்க. சென்ட்ரிங் பலகையில அதே அளவுக்குப் பெட்டி அடிச்சு நிறுத்தறோம். அதைச் சுத்தி கட்டிட்டு, அப்பறம் உருவிடலாம்."

பட்டறை வாசலிலேயே ஒரு ஆட்டம் போட்டேன். அளவுகளைச் சொன்னேன். ஒரு மயிரிழை பிசகாமல், பெருமையோடு, ஒவ்வொன்றாய்ச் சொன்னேன். பலகைப் பெட்டிகள் நின்றன. சுவர் தோளுக்கு வந்தது, தலையைத் தாண்டியது. கான்கிரீட் போட்ட அன்று அவள் போனைத் தளத்தின் மேல் தூக்கிப் பிடித்தாள். கலவை மிஷினின் கடகடப்பும், சாந்துச்சட்டி கைமாறும்போது பெண்கள் போட்ட கூச்சலும் கேட்டன. பஸ்ஸில் உட்கார்ந்து காதோடு அமுக்கிக் கேட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னவென்று கேட்டார். "என் வீட்டுக்குக் கூரை வருது பாய்," என்றேன். அவர் யாரோ எவரோ. கை கொடுத்தார்.

லீவில் போய் இறங்கியதும் பெட்டியைக்கூட அண்ணன் வீட்டில் வைக்கவில்லை. நேரே மனைக்கு. வீடு நின்றது. பூச்சு முடிந்து, சுண்ணாம்பு வாசனையோடு, உயரமாக. நான் நடந்து பார்த்த வீட்டுக்கு உடம்பு முளைத்திருந்தது. மகள் என் கையைப் பிடித்து இழுத்து அறை அறையாகக் காட்டினாள்; அடுப்படியில் மட்டும் சாமான்களை அடைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். கூடத்தில் என் ஜன்னல்கள் சாக்கு சுற்றி வரிசையாய்ச் சாய்ந்திருந்தன. அவை எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டன.

சாக்கை உரித்து, நானும் கொத்தனாருமாய் முதல் ஜன்னலைத் தூக்கி இடத்தில் வைத்தோம்.

போகவில்லை.

சாய்த்து வைத்தோம். போகவில்லை. அடுத்ததும் போகவில்லை. ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலம் பெரிது.

கொத்தனார் துண்டால் முகத்தைத் துடைத்தார். "கப்பல்ல உக்காந்து தின்னுட்டே வந்திருக்கு மாப்ள. ஜன்னல் பெருத்துப்போச்சு."

சுவரைத் தொட்டேன். அப்போதுதான் உறைத்தது. பூச்சு. செங்கல் மேல் ஏறிய பூச்சின் கனத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. முசஃபாவில் ஒரு கட்டடத்துக்கு நாங்கள் போவது கடைசியில். நாங்கள் போகும்போது சுவர்கள் குளித்து உடுத்தித் தயாராக நிற்கும். அப்புறம்தான் டேப்பைப் பிடிப்போம். பூசாத சுவரை என் வேலைக்காலம் முழுக்க நான் அளந்ததே இல்லை. ஜன்னல் அளவையே ஓட்டை அளவாகச் சொல்லிவிட்டேன்.

பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. "தள்ளி வெச்சுக்கலாமா?" என்று அவளிடம் கேட்டேன்.

"எதுக்கு?"

"ஜன்னலே இல்லையே."

"ஜன்னல் இல்லாட்டி என்ன? சுவரு இருக்கு, கூரை இருக்கு, நீங்க இருக்கீங்க. தள்ளி வெச்சா நீங்க இருக்க மாட்டீங்க." அவள் அதற்குள் புடவைகளை எண்ணிக்கொண்டிருந்தாள், எந்த ஓட்டைக்கு எது என்று.

அப்படித்தான் குடிபோனோம். பால் பொங்கியது. அவள் கல்யாணப் புடவை கூடத்து ஜன்னலில் படபடத்தது. மகளின் பாவாடைத்துணி படுக்கையறையில். என் கைலி குளியலறையில். வீடு பாய் விரித்த கப்பல் மாதிரி நின்றது. காற்று கேட்காமல் வந்தது, கேட்காமல் போனது. ஒரு காக்கா கூடத்தில் இறங்கி எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போயிற்று. பக்கத்து மனைக்காரர் ரோட்டிலிருந்தே, "என்ன, சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டால், அவள் உள்ளிருந்தே பதில் சொன்னாள். குரலைத் தாழ்த்தவில்லை.

காலையானால் நானும் கொத்தனாரும் உளியும் சுத்தியலுமாய் இறங்குவோம். ஒரு பக்கப் பூச்சைக் கொத்தி, ஜன்னலை நுழைத்து, தூக்குக்குண்டு பார்த்து, மறுபடி பூசுவோம். அவர் உதிர்க்க, நான் நிறுத்த, அவள் கூட்டித் தள்ள, எங்களைச் சுற்றிலும் வீடு முடிந்துகொண்டே வந்தது. முடிந்த வீட்டுக்குள் போகிறவர்களுக்கு இது தெரியாது. நேற்று இல்லாத ஒரு ஜன்னல் இன்று காலை அங்கே இருக்கும். ஒவ்வொன்றையும் மாட்டியதும் நானும் அவளும் மகளும் முறை வைத்துத் தள்ளித் திறந்தோம், மூடினோம். "வெண்ணெ மாதிரி போகுதுப்பா!" என்றாள் மகள்.

அடுப்படி மட்டும் மிச்சம். ஜன்னலோடு உள்ளே போனேன். இத்தனை நாளும் அங்கே தொங்கிய புடவையை விலக்கினால், ஏற்கெனவே ஒன்று இருந்தது. வேப்பமரச் சட்டம், இரும்புக் கம்பி, மரக்கதவு. என்னுடையதைவிட ஒன்றரை மடங்கு அகலம். அதன் நடுவே ரோடு, புளியமரம், மணியடித்துக்கொண்டு போகும் ஐஸ்காரர்.

"இது எப்ப வந்துச்சு?"

"சுவரு இடுப்பளவுல நின்னப்பவே." கரண்டியால் குழம்பைக் கலக்கிக்கொண்டே சொன்னாள். "நீங்க சொன்ன அளவைக் கேட்டேன். டேங்கரைப் பாக்கத்தான் அது போதும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம். இங்க நிக்கப்போறது நான்."

கொத்தனார் சட்டென்று வெளியே போய் பீடி பற்றவைத்துக்கொண்டார். நான் ஜன்னலை அணைத்தபடியே நின்றேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். ரோட்டில் போன யாரோ அவளைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவளும் கரண்டியை அசைத்தாள். கோபம் வரவில்லை.

லீவு தீரும் தறுவாயில் அந்த மிச்ச ஜன்னல் வாசலில் அனாதையாய்க் கிடந்தது. இடைஞ்சல் என்று தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். கைப்பிடிச்சுவர்மேல் நிறுத்தினேன். அவள் பின்னாலேயே ஏறி வந்தாள். கண்ணாடியைத் தள்ளினாள். தென்னந்தோப்பு, அதற்கப்பால் கண்மாய், அதன் மேல் சாயும் வெயில்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க," என்றாள். மூடினாள். மறுபடி திறந்தாள். "இதுக்கு ஒரு ரூம் கட்டணுங்க."

"ஜன்னலுக்கா?"

"ஆமா. அடுத்த லீவுக்குள்ள. கொத்தனார் கீழதான் நிக்கிறார், கூப்பிடவா?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் மாடிச்சுவரிலிருந்து எட்டி, தெருவே கேட்கிற மாதிரி, "அண்ணே, டேப்பை எடுத்துக்கிட்டு மேல வாங்க!" என்று கத்தினாள். அவர் படியேறும் சத்தம் கேட்டது. "பூச்சையும் சேத்து அளக்கச் சொல்லு," என்றேன், சட்டைக்கையை மடித்துக்கொண்டே.