எங்கள் வண்டிப் புலி

எங்கள் வேனின் பின்கண்ணாடியில் ஒரு புலி இருந்தது. ஒக்கலிபுரத்தில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடையில் அப்பா அதை ஒட்டிக்கொண்டு வந்த அன்று, பெங்களூரு ஜீவனஹள்ளியில் எங்கள் சந்தே திரண்டுவிட்டது. கண்ணாடி முழுக்க வெறும் முகம். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் நம்மையே பார்க்கும். அன்றிலிருந்து வண்டிக்கு ‘ஹுலி காடி’ என்று பெயர் வந்துவிட்டது. கன்னடத்தில் ஹுலி என்றால் புலி, காடி என்றால் வண்டி. நான் ஹுலி காடிக்காரர் மகள். ஏழு வயதில் அதைவிடப் பெரிய பட்டம் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

சனி, ஞாயிறுகளில் அப்பா காக்ஸ் டவுன் பக்கத்து வீடுகளிலும் ஐ.டி. கம்பெனிக்காரர்களின் அடுக்குமாடிகளிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, மைசூருக்கு அப்பால் உள்ள காட்டுக்கு சஃபாரி அழைத்துப் போவார். காட்டு வாசல் வரைதான் அவர் வேலை. உள்ளே போவதற்கு வேறு ஜீப். அவர் வெளியே மர நிழலில் காத்திருப்பார். திரும்பி வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே புலி தெரிந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். தெரிந்திருந்தால் வழியெல்லாம் பாட்டுதான். தெரியாவிட்டால் ஏசி சரியில்லை, சீட் சரியில்லை என்று அப்பாவின் தலை உருளும். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதே அம்மா கேட்பாள்:

“இன்னிக்கு தரிசனம் ஆச்சா?”

புலியை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் அப்பா உட்பட எங்களில் ஒருவர்கூடப் புலியை நேரில் பார்த்ததில்லை.

ஒரு வருஷம், மழை ஓய்ந்த சமயத்தில், சஃபாரியை நிறுத்திவிட்டார்கள். காட்டோரத்து ஊர் ஒன்றில் மாட்டுக்குப் புல் அறுக்கப் போன ஒரு விவசாயியைப் புலி அடித்துக் கொன்றுவிட்டது. ஜீப்புகள் ஓயாமல் சுற்றி விரட்டுவதால்தான் புலி வயலுக்கு வருகிறது என்று ஊர்க்காரர்கள் சாலையை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று ரிசார்ட்காரர்கள் சொன்னார்கள். அரசாங்கம் யோசித்துப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு வம்பு வேண்டாம் என்று சஃபாரி கேட்டைச் சாத்தியது. இந்த விவரமெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அப்போது யாரும் எனக்குச் செத்தவரைப் பற்றிச் சொல்லவில்லை. சனிக்கிழமையிலும் அப்பா வீட்டில் இருக்கிறார், வண்டி தெருவிலேயே நிற்கிறது, ஆஸ்பத்திரி ஆயாவான அம்மா விடுமுறை நாளிலும் டியூட்டிக்குப் போகிறாள், இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இப்படியே போனால் வண்டியை விற்க வேண்டியதுதான் என்று இருவரும் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஹுலி காடி போய்விட்டால் அப்புறம் நான் யார் மகள் என்பது என் கவலை.

அந்த நேரத்தில்தான் தெருக்கோடிக் கட்சிக்காரர் வந்தார். கல்யாணமோ சாவோ, எங்கள் பேட்டையில் எதிலும் முன்னால் நிற்கிறவர். எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் அந்தக் காட்டோரத்து ஊருக்கு ஆறுதல் சொல்லப் போகிறார், ஆள் ஏற்றிப் போக வேன் வேண்டும் என்றார்.

“இன்னா கேக்கப் போறாங்க மீட்டிங்ல?” என்றார் அப்பா.

“சஃபாரிய ஒரேடியா மூடணும்னு தாண்ணா.”

அப்பா சிரித்துவிட்டார். “என் சோத்துல மண்ணள்ளிப் போடறதுக்கு என் வண்டியே வேணுமா ஒனக்கு?”

“வண்டி சும்மா தானேண்ணா நிக்குது.”

அப்பா ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொடி கட்ட வந்த கட்சிக்காரர், வண்டிக்குப் பின்னால் போனதும் பதறிவிட்டார். “ஐயோ, இந்த மூஞ்சிய வெச்சிக்கினு அங்க போனா கல்லாலயே அடிப்பாங்கண்ணா!” ஒருவர் மைதாப் பசை கொண்டு வந்தார். இன்னொருவர் தலைவரின் போஸ்டரைக் கொண்டு வந்தார். புலியின் மேல் தலைவரை ஒட்டினார்கள். தலைவர் கும்பிட்டபடி சிரித்தார். ஆனால் புலி பெரியது, போஸ்டர் சிறியது. தலைவரின் தலைக்கு இரண்டு பக்கமும் புலியின் காதுகள் நீட்டிக்கொண்டிருந்தன. எல்லோரும் புறப்படும் அவசரத்தில் இருந்ததால் சிரித்தது நான் மட்டும்தான்.

அம்மாவுக்கு அன்றும் டியூட்டி. அதனால் அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டார். என்ன மீட்டிங் என்று கேட்டதற்கு, “பெரியவங்க மீட்டிங். வண்டிய விட்டு எறங்காத, சரியா?” என்றதோடு முடித்துவிட்டார்.

அந்த ஊரில் ஒரு மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். மேடையில் ஒரு படத்துக்கு மாலை போட்டிருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்திலும் விழா நாட்களில் படங்களுக்கு மாலை போடுவார்கள் என்பதால் இதுவும் ஏதோ விழா என்று எடுத்துக்கொண்டேன். கடைசி சீட்டில் முழங்காலிட்டு, ஜன்னல் வழியாக மைக்கில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கன்னடம் எனக்குத் தெருவிலேயே வந்த பாஷை.

முதலில் காக்கி உடுத்திய அதிகாரி ஒருவர் பேசினார். அந்தப் புலி எங்கள் காட்டுப் புலியே அல்ல, எல்லை தாண்டி வேறு காட்டிலிருந்து வந்தது என்றார். மாலையோடு வந்திருந்த ரிசார்ட்காரர், நாங்கள் விருந்தாளிகளுக்குச் சோறு போடுகிறவர்கள், புலி விஷயம் வனத்துறையுடையது என்றார். கடைசியாகத் தலைவர் எழுந்தார். இது இந்த அரசாங்கத்தின் புலி, என் உயிர் இருக்கும்வரை அந்தக் கேட்டைத் திறக்க விடமாட்டேன் என்றார். எங்கள் வேனில் வந்தவர்கள்தான் அதிகமாகக் கை தட்டினார்கள். அப்பா ஒரு புங்கமரத்தடியில் நின்றிருந்தார். கட்சிக்காரர் திரும்பிப் பார்த்ததும் அவரும் இரண்டு முறை தட்டினார்.

பிறகு ஒரு பெண்மணியையும் என் வயதுச் சிறுமி ஒருத்தியையும் மேடையேற்றினார்கள். தலைவர் அந்தச் சிறுமியின் தலையில் கை வைத்து நின்றார். கேமராக்காரர்கள் முண்டியடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இவள் அப்படி என்ன சாதித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

கூட்டம் கலைந்து எல்லோரும் தலைவரின் காரைச் சூழ்ந்துகொண்டபோது, அவள் வேன்களுக்கு நடுவே நடந்து வந்தாள். எங்கள் வண்டிக்குப் பின்னால் வந்ததும் நின்றுவிட்டாள். வெயிலில் பசை காய்ந்து போஸ்டரின் ஒரு மூலை சுருண்டிருந்தது. தலைவரின் கும்பிட்ட கைக்குப் பக்கத்தில் புலியின் ஒரு கண் வெளியே தெரிந்தது. அவள் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலைத் தள்ளித் தலையை நீட்டினேன்.

“இது நிம்ம ஹுலினா?” என்று கேட்டாள். உங்கள் புலியா என்று.

மேடை ஏறியவளே வந்து கேட்கிறாள். விடுவேனா? “ஹௌது, நம்மதே!” என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. ஆமாம், எங்களுடையதுதான்.

“மத்தே யாக்கே கட்டி ஹாக்லில்லா?”

அப்புறம் ஏன் கட்டிப் போடவில்லை என்று கேட்டாள். குரலில் கோபமே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது வெறும் படம், கடிக்காது என்று விளக்கினேன். அவள் சுருண்ட மூலையை உள்ளங்கையால் நீவி, அந்தக் கண் மறையும்படி அழுத்தி ஒட்டிவிட்டுப் போய்விட்டாள்.

திரும்பும் வழியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். மேடையில் நின்ற அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியலப்பா, நம்ம புலிய ஏன் கட்டிப் போடலன்னு கேக்கறா என்றேன். அப்பா வண்டியை ஓரங்கட்டினார்.

“நீ இன்னா சொன்ன?”

“நம்ம புலிதான்னு சொன்னேன்.”

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். டீக்காகத்தான் நிறுத்தியிருக்கிறார் என்று நினைத்து, பின்னால் இருந்தவர்கள் இறங்கி எதிர்க்கடைக்குப் போனார்கள். அப்பா இறங்கவில்லை.

மறுநாள் காலையில் பிளேடும் மண்ணெண்ணெயுமாகக் கண்ணாடியின் முன் உட்கார்ந்துவிட்டார். போஸ்டரோடு புலியும் சுருள் சுருளாக உரிந்து விழுந்தது. நான் தெருவில் புரண்டு அழுதேன். டியூட்டி முடிந்து வந்த அம்மா சத்தம் போட்டாள்.

“ஒனக்கு இன்னா பைத்தியமா? நாளைக்கு சஃபாரி தொறந்தா இன்னா பண்ணுவ? வண்டிக்கு அடையாளமே அது தானே!”

“தொறந்தா போவேன்,” என்றார் அப்பா. “அந்த மூஞ்சி வேணாம்.”

திறக்கத்தான் செய்தார்கள். அடுத்த தேர்தலில் அந்தத் தலைவரின் கட்சி ஜெயித்தது. அவரே பச்சைக் கொடி அசைத்துக் கேட்டைத் திறந்துவைத்து, முதல் ஜீப்பில் குடும்பத்தோடு உள்ளே போனார். அவருக்கு தரிசனமும் ஆனதாம். அப்பா பழையபடி சனி, ஞாயிறுகளில் ஓட்டினார், வெறும் கண்ணாடியோடு. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அந்த ஓட்டத்தில்தான் நான் படித்தேன்.

இப்போதும் அதே கதைதான். எங்கோ ஒருவரைப் புலி அடிக்கிறது, கேட்டை மூடுகிறார்கள், ஆட்கள் சண்டை போடுகிறார்கள், திறக்கிறார்கள். ஆபீஸில் சாப்பாட்டு மேஜையில், நம் மாநிலத்தில் நம் புலிகள் பெருகிவிட்டன என்று ஒருவர் பெருமையாகச் செல்போனில் படம் காட்டுகிறார். நானும் பார்த்துத் தலையாட்டுகிறேன். ஆனால் ‘நம்’ என்ற சொல் வந்ததும் டிபன் பாக்ஸை மூடிவிடுகிறேன்.

மாலை போட்டிருந்த அந்தப் படம் அவளுடைய அப்பாவுடையது என்று அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இன்னொன்று புரிந்திருக்காது. எங்கள் புலி அல்ல, எங்கள் புலி அல்ல என்று பெரியவர்கள் ஒவ்வொருவராக மைக்கில் சொல்லி முடிக்கும்வரை அவள் மேடைக்குப் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அதன் பிறகுதான் என்னிடம் வந்தாள். அன்று அந்த ஊருக்கு வந்த அத்தனை பேரிலும், ஆமாம், எங்கள் புலிதான் என்று அவளுக்குப் பதில் சொன்னது நான் ஒருத்திதான்.