எனாமல் பூசிய நகங்கள்

நான் வீட்டு நர்ஸாக இருந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியவருக்குப் பக்கவாதம். அவர் அறைக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வேலையில் படு சுத்தம், தரையில் ஒரு சொட்டு விழாது. ஆனால் பத்து நகங்களிலும் எப்போதும் வெள்ளை எனாமல்.

"சுவத்துல அடிக்கச் சொன்னா நகத்துல அடிச்சிட்டு நிக்கிறியே?" என்று பெரியவர் குழறலாகக் கேட்பார்.

"நகத்துக்குத் தனியா கூலி கேக்க மாட்டேன் ஐயா."

ஒரு நாள் பெயிண்டர் பாதிச் சுவரில் மூச்சு வாங்கி, ஏணியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். கணுக்கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினேன். குழி விழுந்து அப்படியே நின்றது. பெரியவருக்கு ஆக்சிஜன் பார்க்கும் கருவியை எடுத்து வந்தேன்.

"விரலைக் காட்டு தம்பி. பெயிண்ட் இருந்தா இது சரியா காட்டாது."

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பிடித்திழுத்து, தின்னரில் நனைத்த துணியால் தேய்த்தேன். எனாமல் போயிற்று, வெள்ளை போகவில்லை. அடியிலிருந்தே நகம் மங்கிய கண்ணாடி போல வெளுத்திருந்தது. நுனியில் மட்டும் மெல்லிய செம்பழுப்புக் கோடு. நான் துடைத்தெடுத்த எனாமல் வேலையில் தெறித்ததல்ல, ஓரம் பிசகாமல் அவரே பூசிக்கொண்டது.

"வீட்டுல சொல்லிடாதீங்கம்மா," என்றார். "எங்கப்பாவுக்கும் நகம் இப்படித்தான் இருந்துச்சு. குடிச்சே போனவரு. தெருவுல கிடந்தா நான்தான் போய்த் தூக்கிட்டு வருவேன். நான் ஒரு சொட்டு தொட்டதில்ல. ஆனா இந்தக் கையோட சொன்னா எவன் நம்புவான்? அப்பன் புத்தி வந்துடுச்சும்பாங்க."

"நகம் என்ன குடிச்சதுக்குச் சாட்சியா? ஈரல் கெட்டா நகம் இப்படி வெளுக்கும். சர்க்கரையாலயும் கெடும், கொழுப்பாலயும் கெடும், கிருமியாலயும் கெடும். ஈரல் நல்லா இருந்தும் சிலருக்கு வெளுக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"டாக்டர் முதல்ல குடியைப் பத்தித்தான் கேப்பாரு."

"கேக்கட்டும், இல்லைன்னு சொல்லு. வாய்க்குமா எனாமல் அடிச்சிருக்க?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தனியாக அனுப்ப முடியாத நிலையில் இருந்ததால் அவர் மனைவியைப் போனில் கூப்பிட்டேன்.

வாசலிலேயே ஆரம்பித்தாள். "விழுந்துட்டாரா? எனக்குத் தெரியும். இது எத்தனை நாளா நடக்குது?"

அவர் கைகளை நீட்டினார். அவள் நகங்களைப் பார்த்தாள், புரியாமல் என்னைப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"துவைக்கும்போதெல்லாம் சட்டையை மோந்து பாப்பேன்மா. தின்னர் வாசனைதான் வரும். சாராய வாடையை மறைக்கத்தான் அதைத் தெளிச்சுக்கிறாருன்னு நெனச்சேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமே," என்றார் அவர்.

"நீங்க காட்டியிருக்கலாமே."

அதற்கு மேல் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மருத்துவமனைக்கு நானும் போனேன். டாக்டர் முதலில் கேட்டது அந்தக் கேள்விதான். பெயிண்டர் தலைகுனிந்தார். "இல்லைங்க, குடிக்க மாட்டாரு," என்று அவள்தான் சொன்னாள், கொஞ்சம் அதிகச் சத்தமாக. பரிசோதனையில், கவனிக்காமல் விட்ட சர்க்கரையும் கொழுப்பும் ஈரலைத் தழும்பாக்கியிருந்தது தெரிந்தது. முழுசாகச் சரியாகாது, மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். எப்போதிலிருந்து நகம் இப்படி என்று கேட்டபோது, "ரெண்டு வருஷமா," என்றார் பெயிண்டர். அவள் சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் மீதிச் சுவரை முடிக்க வந்தார். அவளும் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னப்பா, இன்னும் நகத்தைக் கழுவலையா?" என்றார் பெரியவர்.

பெயிண்டரின் கை பழக்கதோஷத்தில் முதுகுப் பக்கம் போயிற்று. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை முன்னால் கொண்டுவந்தார்.

"கழுவினாலும் போகாது ஐயா. ஈரல் கெட்டுப்போச்சு," என்றவர், யாரும் கேட்காமலேயே, "சர்க்கரையால," என்று சேர்த்துக்கொண்டார்.