விசிலுக்குத் திரும்பிய கரடி

ஸ்காபரோ மண்டபத்தில் நடந்த படக் கண்காட்சியில் அந்தப் படத்தை நடுச்சுவரில் மாட்டியிருந்தார்கள். பனிக்கரடி ஒன்று நேரே கமராவைப் பார்க்கிறது. வாயோரம் இரத்தம்.

அது ஏன் அப்படிப் பார்த்தது என்பது எனக்குத் தெரியும். நானும் அந்தப் படகில் இருந்தேன்.

ஹட்சன் விரிகுடாவுக்குக் கரடிகளைப் படம் எடுக்க ரொறன்ரோவிலிருந்து ஆறு பேர் போயிருந்தோம். படகோட்டி அந்தக் கரையிலேயே பிறந்தவர். கோடையில் கரடிகளுக்கு இரை கிடைப்பது அரிது, யாரும் சத்தம் போடக்கூடாது என்று புறப்படும்போதே சொல்லியிருந்தார். எல்லோரும் தலையாட்டினோம்.

இரண்டாம் நாள் காலை, செத்து ஒதுங்கிய கடல்நாய் ஒன்றைத் தாயும் குட்டியும் தின்றுகொண்டிருந்தன. தாயின் இடுப்பெலும்பு தோலுக்கடியில் துருத்தித் தெரிந்தது. படகோட்டி எஞ்சினை நிறுத்தினார்.

எங்களில் ஒருவர் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர். மணவறைக்கு முன்னால் நின்று ஆட்களைத் திருப்பியே பழகியவர்.

"முகம் கிடைக்குதில்லை அக்கா," என்றார்.

"அது சாப்பிடுது தம்பி. அதுதான் படம்."

"சும்மா போங்கோ. கல்யாணப் பொம்பிளை குனிஞ்சுகொண்டு நிண்டா ஆர் அல்பம் வாங்குவினம்?"

இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.

தாய் தலை தூக்கியது. ஆறு கமராக்களும் ஒன்றாக இயங்கின. என்னுடையதும்தான். பிறகு அது குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு மேடேறியது. குட்டி இரண்டு தடவை இரையை நோக்கித் திரும்பி ஓடியது. இரண்டு தடவையும் தாய் மறித்தது. பாறைகளுக்கு அப்பால் இரண்டும் மறைந்தன.

"கடல் ஏறுகிறது. அவை திரும்பி வரும்போது இந்த இரையை அலை கொண்டுபோயிருக்கும்," என்றார் படகோட்டி.

பத்திரிகையில் வேலை செய்தவள் என்பதால் கண்காட்சிக்குப் படக்குறிப்பு எழுதும் பொறுப்பை என்னிடம் தந்திருந்தார்கள். விசிலடித்தவர் எடுத்த படத்துக்கு 'விசில் கேட்டு இரையை விட்டு ஓடுமுன்' என்று எழுதிக் கொடுத்தேன். சுவரில் இருந்த அட்டையிலோ 'தாயின் பார்வை' என்றிருந்தது.

"என்ர அட்டை எங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

"உந்தக் குறிப்பை வாசிச்சா சனம் என்னைத் திட்டும் அக்கா."

"ஓம். என்னையும் திட்டட்டும். நானும்தானே கிளிக் பண்ணினன்."

அவர் சிரித்தார். அப்போது ஒரு அன்ரி வந்து படத்தின் முன்னால் நின்றார்.

"என்ன வடிவாப் பார்க்குது! எப்பிடித் தம்பி திருப்பினனீர்?"

படமெடுத்தவர் வாய் திறக்குமுன் நான் சொன்னேன்:

"விசிலடிச்சு, அன்ரி. அதோட அதின்ர சாப்பாடு போச்சு."