எடுத்து வைத்த பங்கும் எட்டாம் மேசைப் புகையும்

எட்டாம் மேசையிலிருந்து புகை மேலே போய்க்கொண்டிருந்தபோது நான் மேசைக்குக் கீழே போய்க்கொண்டிருந்தேன். ஒளிய அல்ல. அந்த மேசைக்குள் இருந்த குழாயெல்லாம் நான் பொருத்தியவை. புது நீலச் சட்டை, இஸ்திரி போட்ட காற்சட்டை, பல்லுக்கிடையில் ஒரு குட்டி டோர்ச். மேலே என் குடும்பம் இருமியது. பக்கத்து மேசையில் கட்டடத்தின் குடியிருப்பாளர் சங்கத் தலைவி இருமினார். இருமாமல் இருந்தது நான் மட்டும்தான். எனக்கு மூச்சே வரவில்லை.

தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் "அண்ணை, உங்கட வேலையில மறக்கேலாத நாள் எது?" என்று கேட்பதுண்டு. பனிப்புயலில் கூரை ஏறிய கதை வரும் என்று காத்திருப்பார்கள். நான் இந்தச் சாப்பாட்டுக் கதையைத்தான் சொல்வேன்.

வேலை கைக்கு வந்த விதம்

ஓஸ்லோவில் எனக்குக் காற்றோட்டக் குழாய் வேலை. அதுவரை யாரோ வரைந்து தந்ததை நான் பொருத்தினேன். பிழைத்தால் வரைந்தவனைத் திட்டலாம், அது ஒரு பெரிய வசதி. அந்த வசதியை என் முதலாளி ஓட்வார் ஒருநாள் பறித்துவிட்டார். அவரும் மற்ற நோர்வேக்காரர்களும் பேசுவது நோர்வேஜிய மொழி. நான் எங்கள் தமிழில் சொல்கிறேன்.

"இந்த ஜப்பான் சாப்பாட்டுக்கடை வேலையை நீயே செய். வரையிறதும் நீ, பூட்டுறதும் நீ."

"பிழைச்சால்?"

"அதுவும் நீதான்."

அந்தக் கடையில் ஒவ்வொரு மேசையின் நடுவிலும் ஓர் அடுப்பு. மெல்லியதாக வெட்டிய பச்சை இறைச்சியைக் கொண்டுவந்து வைப்பார்கள். வந்தவர்கள் தாங்களே வாட்டிச் சாப்பிட வேண்டும். புகை மேலே போகக்கூடாது என்பதால் அடுப்பைச் சுற்றி ஓர் இரும்பு வளையம், அதில் வரிசையாகத் துளைகள். துளைகள் புகையை இழுக்கும். அது மேசைக்குள்ளால் கீழே இறங்கி, தரைக்கடியில் ஓடும் டக்ட் என்ற பெருங்குழாயில் சேர்ந்து, கூரை மோட்டார் வரை போகும். இந்த முழு ஏற்பாட்டுக்கும் எங்கள் தொழிலில் அவ்ட்ரெக் என்று பெயர்.

சிக்கல் மேல்மாடிகளில் இருந்தது. அங்கே வீடுகள். குடியிருப்பாளர்கள் சம்மதிக்காமல் கடை திறக்க முடியாது. சங்கத் தலைவி சிவப்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடியோடு ஒரு மெலிந்த நோர்வேப் பெண்மணி. கூட்டத்தில் என் வரைபடத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, "வடிவா இருக்கு. கடதாசியில புகை வராதுதானே" என்றார்.

கடைக்காரர் ஹிரோஷி ஒரு வழி சொன்னார். திறப்பதற்கு முன் ஒரு மாலை எல்லா மேசைகளையும் நிரப்பி விருந்து வைப்போம், தலைவியும் வரட்டும், பிறகு சொல்லட்டும். ஓட்வார் என்னைப் பார்த்தார்.

"உன்ர குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வா. மேசை நிரப்ப ஆக்கள் வேணும்."

"என்ர குடும்பமோ?"

"ஏன், அவை சாப்பிடமாட்டினமோ?"

சாப்பிடுவார்கள். என் பயமே அதுதான்.

எட்டாம் மேசை

என் மனைவி சாந்தி, மகள் அபி, நான் மூவரும் வீடிருக்கும் மோர்டென்ஸ்ருட்டிலிருந்து ரயிலில் வந்தோம். மகன் ஆரனுக்கு ஸ்டோவ்னரில் ஒரு கடையில் வேலை. முடித்துவிட்டுப் பிந்தித்தான் வருவான்.

சுற்றியிருந்த நோர்வேக்காரர்கள் ஒரு துண்டைப் போட்டார்கள், திருப்பினார்கள், எடுத்தார்கள், யோசித்தார்கள், அடுத்த துண்டைப் போட்டார்கள். நூல்போல எழுந்த புகை அப்படியே வளைந்து வளையத்துக்குள் போனது. எனக்குப் பெருமையில் சட்டைப் பொத்தான் தெறிக்கும்போல் இருந்தது.

"பாத்தியோ, எப்பிடி இழுக்குதெண்டு" என்றேன்.

"புகை பாக்கவோ வந்தனாங்கள்? பிள்ளை பசியில இருக்கிறாள்" என்றாள் சாந்தி.

எங்களுக்குக் கோழியும் பன்றியும் வந்தன. சாந்தி மாடு தொடமாட்டாள். அபி, அம்மா பார்க்காத நேரம் தொடுவாள். சாந்தி ஒரு துண்டை வாட்டி வாயில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "இது என்னப்பா, காய்ச்சல்காரருக்குக் குடுக்கிற சாப்பாடு மாதிரி."

கைப்பை திறந்தது. அதற்குள்ளிருந்து ஒரு சின்ன டப்பா. வீட்டில் வறுத்து அரைத்த எங்கள் மிளகாய்த் தூள்.

"சாந்தி, இண்டைக்கு வேண்டாம்."

"வாசத்துக்குக் கொஞ்சம்."

வாசத்துக்குப் பாதி டப்பா போனது. கையால் பிசைந்து, தட்டிலிருந்த கோழி முழுவதையும் ஒரேயடியாக அடுப்பில் கொட்டினாள். "ஒவ்வொண்டாப் போட்டுக்கொண்டிருந்தால் விடிஞ்சிடும்." நெருப்பே தெரியவில்லை. ஆனாலும் வளையம் இழுத்தது. முழுப் புகையையும் இழுத்தது. நான் மெதுவாக மூச்சை விட்டேன்.

அடுத்தது, எங்கள் வீடுகளில் எப்போதும் நடப்பது. வராதவனின் பங்கை முதலில் எடுத்து வைக்க வேண்டும். வந்தவர்கள் பிறகு சாப்பிடலாம். சாந்தி ஆரனுக்கு எடுத்து வைத்துவிட்டு இரண்டாவது தட்டைக் கொட்டினாள். எங்கே எடுத்து வைத்தாள் என்று நான் கவனிக்கவில்லை. என் கண் முழுக்கச் சிவப்புக் கண்ணாடியில் இருந்தது.

அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணீர் வந்தது. திரும்பிப் பார்த்தேன். எங்கள் மேசைக்கு மேல் ஒரு மேகம்.

மேசைக்குக் கீழே

மிளகாய்ப் புகையைப் பற்றித் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நோர்வேக்காரர்களுக்கு அன்று விளங்கியது.

மோட்டார் நின்றுவிட்டதா? குழாயில் காதை வைத்தேன். ஓடியது. குழாயை அடைக்கும் டாம்பர் தகடு மூடிவிட்டதா? விரலால் தடவினேன். முழுக்கத் திறந்துதான் இருந்தது. கழற்றலாம் என்று நினைத்தேன். எதைக் கழற்றுவதென்று தெரியவில்லை. தெரிந்த முருகன்மார் எல்லோருக்கும் நேர்த்தி வைத்தேன். மேசைக்காலில் தலை இடித்ததும் காவடியையும் சேர்த்துக்கொண்டேன். டோர்ச் வெளிச்சத்தில் ஓட்வாரின் சப்பாத்துகள் வந்து நின்றன.

"என்ன செய்யிறாய்?"

"செக் பண்ணுறன்."

"எதை?"

"எல்லாத்தையும்."

சப்பாத்துகள் நகரவில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் அபியின் முகம் தலைகீழாக இறங்கியது. அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பும் இருமலும் ஒன்றாக வந்தன.

"அப்பா, ஸ்லாப் ஆவ், பதறாதேங்கோ. அங்கை ஒண்டும் இல்லை. மேல வந்து அம்மா செய்த வேலையைப் பாருங்கோ."

வந்து பார்த்தேன். வளையத்தின் மேலேயே சுற்றிவர மூன்று தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இன்னொரு தட்டால் மூடி. நான் கணக்குப் பார்த்து வெட்டிய துளைகளில் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.

"இது என்ன, சாந்தி?"

"ஆரன்ரை பங்கு."

"இதிலயோ வைக்கிறது?"

"வேற எங்கை? ஆறிப்போகாதே? நல்ல இளஞ்சூடு, தட்டு வைக்க அளவா அகலமும் இருக்கு. அதுக்குத்தான் செய்து வச்சிருக்கிறீங்களெண்டு நினைச்சன்."

தட்டுகளைத் தூக்கினேன். தேருக்குப் பின்னால் போகும் கூட்டம் அன்னதானம் என்று கேட்டதும் திரும்புமே, அப்படித் திரும்பியது புகை. தலைகுனிந்து வளையத்துக்குள் இறங்கியது. அடுப்பில் தூள் போட்ட கோழி அதே மூர்க்கத்தில் பொரிந்துகொண்டிருந்தது. மேலே ஒரு துளி புகை இல்லை. எல்லோருடைய இருமலும் ஓய்ந்தது.

தலைவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கைப்பேசியை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார். அவருடைய வீடு எங்கள் தலைக்கு நேர் மேலே.

"யன்னல் திறந்துதானே கிடக்கு?"

"ஓம்" என்றது கணவரின் குரல்.

"ஏதும் மணக்குதோ?"

கணவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் இரண்டாவது காவடியையும் நேர்ந்துவிட்டேன்.

"ஒண்டும் மணக்கேல்லை. எனக்குப் பசிக்குது. நீ எப்ப வாறாய்?"

ஹிரோஷி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஓட்வார் என் முதுகில் அடித்த அடியில் வாயிலிருந்த டோர்ச் விழுந்தது. அதுவரை அதை எடுக்கவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தலைவி எங்கள் மேசைக்கு வந்தார். சாந்தி அவரை இருத்தி, ஆரனின் தட்டு ஒன்றைத் திறந்து முன்னால் வைத்தாள். பக்கத்தில் வந்த ஆளைச் சாப்பிடாமல் அனுப்ப அவளுக்குத் தெரியாது. அவர் ஒரு துண்டு சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். மூக்கை உறிஞ்சினார். இன்னொரு துண்டு எடுத்தார்.

"என்ர வீட்டுக்கு மணம் வரேல்லை" என்றார். "வந்திருந்தால் சாப்பிட இன்னும் வெள்ளன இறங்கி வந்திருப்பன். கடையைத் திறவுங்கோ."

அந்த நேரம் பார்த்து ஆரன் வந்தான். "என்ர பங்கு எங்கை?"

"அந்த அம்மா சாப்பிடுறா. நீ இரு, போடுறன்" என்று சாந்தி அடுத்த தட்டைக் கொட்டினாள். ஓட்வாரும் ஹிரோஷியும் தலைவியும் நானும் மேசையைச் சுற்றி நின்று பார்த்தோம். புகை கிளம்பியது, வளைந்தது, கீழே போனது. யாரோ கைதட்டினார்கள். நானாகவும் இருக்கலாம்.

தம்பிமாருக்கு

மறுநாளே வளையத்தைத் திருத்தி வரைந்தேன். மேல்பக்கம் தட்டையாக இல்லாமல் கூரைபோலச் சரிவு. எந்தத் தட்டை வைத்தாலும் வழுகிவிடும். ஓட்வார் அதை எல்லாக் கடைகளுக்கும் போடச் சொன்னார். கொம்பனியில் அதற்குப் பெயர் "சாந்தி வளையம்". வரைந்தவன் பெயர் யாருக்கும் நினைவில்லை.

நான் படித்தது இதுதான். நாங்கள் ஒரு சாமானைச் செய்துவிட்டு, இது புகை இழுக்கும் துளை என்று நினைத்துக்கொண்டிருப்போம். பாவிக்க வருகிறவர்கள் அது என்னவென்று கேட்கமாட்டார்கள். அதில் எதை வைக்கலாம் என்றுதான் பார்ப்பார்கள். ஆகவே ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களை வைத்துச் சோதிக்காதீர்கள். வீட்டில் ஒருவருக்கு எடுத்து வைக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஓட்வாருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இப்போது புதுக் கடை வேலை முடிந்தால் அவர் என்னை அழைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார்:

"சாந்திக்கு எந்த நாள் வசதி?"