நான் அடித்துவிட்ட ‘ஆல்ரெடி’

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் யாராலும் நிம்மதியாக ஓர் ஆங்கில வாக்கியம் பேச முடியாது. நான் விடமாட்டேன். நான்காம் ஆண்டுத் தேர்வில், ஆங்கிலத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா போனில் யாரிடமாவது “யூ ஈட் ஆல்ரெடி?” என்று கேட்டால், பக்கத்தில் போய் நின்று “டிட் யூ ஈட்னு கேளுங்கம்மா” என்பேன். அப்பா பாசாரில் “பாஸ், டிஸ்கவுண்ட் கேன் ஆர் நாட்?” என்றால், மீன்காரர் வாய் திறப்பதற்குள் நான் திறந்துவிடுவேன். “இவள கூட்டிட்டு வந்தா மீன் வாங்க முடியாது லா” என்று சொல்லி, அப்பா என்னைப் பாசாருக்கு அழைத்துப்போவதையே நிறுத்திவிட்டார்.

தப்பு என்மேல் மட்டும் இல்லை. எங்கள் ஆங்கில ஆசிரியை ஒருநாள் ‘ஆல்ரெடி’, ‘கேன்’, ‘லா’ மூன்றையும் பலகையில் எழுதி, இவற்றை வாக்கியத்தின் கடைசியில் கொண்டுவந்து ஒட்டுகிறவர்கள் உருப்படவே மாட்டார்கள் என்பதுபோலப் பேசியிருந்தார். அந்தச் சட்டத்தை, மலேசியாவில் கிள்ளான் பக்கம் பண்டமாரானில் இருந்த எங்கள் வீட்டுக்குள் அமல்படுத்தும் வேலையை நானாக எடுத்துக்கொண்டேன்.

அப்போது மாமா எங்களோடு இருந்தார். அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். நல்ல உயரம், நல்ல சாப்பாடு, வாய் நிறையச் சிரிப்பு. அவருக்குக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. டியூஷன் சென்டரில் ஆங்கிலம் சொல்லித்தருகிறவர் என்பதால் எங்கள் வீட்டில் அவருக்கு டீச்சர் என்றே பெயர். ஒரு கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது அவர்கள் குடும்பத்துக் கார் நின்றுபோக, மாமா எல்லாரையும் வீட்டில் கொண்டுபோய் விட்டாராம். அன்று ஆரம்பித்தது. தன் தம்பி பல்கலைக்கழகம் முடிக்கும்வரை கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று டீச்சர் சொல்ல, மாமா சரி என்று தலையாட்டினார். ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

டீச்சர் மலாய்ப் பள்ளியில் படித்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுதப் படிக்கத் தெரியாது. மாமா தமிழ்ப்பள்ளி. அவருடைய ஆங்கிலம் லோரிக்குள்ளேயே வளர்ந்தது. அதனால் இருவருக்கும் இடையே போய்வந்த செய்திகள் எல்லாம் “ஈட் ஆல்ரெடி?”, “ரீச் ஆல்ரெடி”, “ஓகே கேன்” என்ற அளவில் இருக்கும். மாமாவின் போனை எடுத்துப் படித்து நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

தம்பி படிப்பை முடித்த கையோடு, டீச்சருக்கு ரவாங்கிலிருந்து ஒரு வரன் வந்தது. பொறியியலாளர். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாக டீச்சரின் அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அவர் ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், ஆங்கிலப் பத்திரிகையில் பிழை கண்டுபிடித்துப் பென்சிலால் சுழிக்கிற மனிதர். வெள்ளிக்கிழமை டீச்சரிடமிருந்து மாமாவுக்குச் செய்தி வந்தது. உங்கள் மனசில் இருப்பதை எழுதி அனுப்புங்கள், அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று.

மாமா ஒரு மணி நேரம் வாசலுக்கும் குசினிக்கும் நடந்தார். பிறகு என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“பாப்பா, மாமா சொல்றேன், நீ எழுது. கிராணி பாக்கப் போறாரு. தப்பு இருக்கக் கூடாது.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நோட்டைத் திறந்தேன். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “ஐ வெயிட் ஃபார் யூ ஃபைவ் இயர்ஸ் ஆல்ரெடி. சம் மோர் ஆல்சோ கேன்.”

அவ்வளவுதான். ஒரு மணி நேர நடைக்கு இரண்டே வரி. ஆனால் அந்த இரண்டு வரியில் எத்தனை தப்பு! ஐந்து வருஷம் என்பது நடந்துபோன விஷயம், ஆகவே ‘வெயிட்’ என்பதை ‘வெயிட்டட்’ ஆக்கினேன். ‘ஆல்ரெடி’யை ஒரே கோட்டில் அடித்தேன். இரண்டாவது வரிக்கு எழுவாயே கிடையாது. யார் கேன்? என்ன கேன்? அதை முழுதாகவே அடித்தேன்.

“அந்த ரெண்டாவது லைன் முக்கியம் லா பாப்பா,” என்றார் மாமா, கெஞ்சாத குறையாக.

“அது வாக்கியமே இல்ல மாமா. அவங்க அப்பா சிரிப்பாரு.”

கிராணி சிரிப்பார் என்றதும் அடங்கிவிட்டார். “என்னமோ, நீ படிச்ச புள்ள,” என்றார். ‘ஐ வெயிட்டட் ஃபார் யூ ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று நானே போனில் தட்டி, முற்றுப்புள்ளியும் வைத்து அனுப்பினேன்.

நீலக் குறி உடனே விழுந்தது. பதில் வர இரவுச் சாப்பாடு ஆகிவிட்டது. மாமா தட்டில் கை வைத்தபடியே போனை என்னிடம் நீட்டினார். நான் சந்தோஷமாகப் படித்துச் சொன்னேன்: “புரிஞ்சிருச்சாம் மாமா. வெயிட் பண்ணதுக்குத் தேங்க்யூவாம். டேக் கேர்னு போட்டிருக்காங்க.”

மாமா எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. “போன் போட்டுப் பேசுடா,” என்று அம்மா சொல்லிப் பார்த்தார். “வேணாம்கா. அதான் டேக் கேர்னு எழுதிட்டாங்களே,” என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். விடிந்ததும் யாரிடமும் பேசாமல் லோரியை எடுத்துக்கொண்டு ஜொகூர் பக்கம் போய்விட்டார். பிழையே இல்லாத ஒரு பதிலுக்கு இவர் ஏன் இப்படி இருக்கிறார் என்று எனக்குக் கோபமாகக்கூட இருந்தது.

அன்று சனிக்கிழமை, பள்ளியில் கூடுதல் வகுப்பு. ஆங்கில ஆசிரியை புதுப் பாடம் எடுத்தார். பலகையில் இரண்டு வாக்கியம். கிள்ளானில் ஐந்து வருஷம் இருந்தேன், கிள்ளானில் ஐந்து வருஷமாக இருக்கிறேன். “முதல் ஆள் ஊரை விட்டுப் போயிட்டான். ரெண்டாவது ஆள் இன்னும் இங்கதான் இருக்கான்,” என்றார். வெறும் ‘லிவ்ட்’ போட்டால் எல்லாம் முடிந்துபோயிற்று என்று அர்த்தமாம்.

காத்திருந்தேன் வேறு, காத்திருக்கிறேன் வேறு. தமிழில் இது எனக்குத் தெரியாதா என்ன? மாமா சொன்னது காத்திருக்கிறேன், இன்னமும் இருப்பேன். நான் அனுப்பியது காத்திருந்தேன், முற்றுப்புள்ளி.

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் அழுது கொட்டினேன். அம்மா அடிக்கக் கையை ஓங்கினார், பிறகு தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். மாமாவின் போன் அணைந்து கிடந்தது. டீச்சரின் எண் எங்களிடம் இல்லை. “கெளம்புடி,” என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிள்ளான் ஸ்டேஷனுக்குப் போனார். பள்ளிச் சீருடையிலேயே ரயிலேறினேன்.

டியூஷன் சென்டர் பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. டீச்சர் படிக்கட்டுக்கு இறங்கிவந்தார். முகம் வீங்கியிருந்தது. “அக்கா, இன்னிக்கு ராத்திரி ரவாங்குக்குச் சரின்னு அப்பாகிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன். இனிமே பேசறதுக்கு என்ன இருக்கு?” என்றார்.

“இவ கொஞ்சம் பேசணுமாம்,” என்று அம்மா என்னை முன்னால் தள்ளினார்.

நான் விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னேன். வெயிட், வெயிட்டட், அடித்துவிட்ட ஆல்ரெடி, எழுவாய் இல்லாத இரண்டாவது வரி. டீச்சர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அந்த மெசேஜ்ல ஒரு தப்புகூட இல்ல பாப்பா. அதான் எனக்கு பயமாயிருச்சு. யாரையோ உக்கார வெச்சு எழுதி முடிச்சுக்கிறாருன்னு நெனச்சேன்.” பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவரு வாயில என்ன வந்துச்சு? மாத்தாம சொல்லு.”

சொன்னேன். இரண்டாவது வரியை இன்னொரு தடவை கேட்டார். கூச்சத்தோடு அதையும் சொன்னேன். டீச்சர் சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணிலிருந்து கொட்டியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு போனை எடுத்துத் தட்டினார். எட்டிப் பார்த்தேன். ‘ஸ்டில் வெயிட்டிங் ஆர் நாட்?’

எனக்குப் பகீரென்றது. “டீச்சர், முன்னாடி ‘ஆர் யூ’ போடாம விட்டுட்டீங்க!”

“தெரியும் பாப்பா,” என்று சொல்லி, அப்படியே அனுப்பிவிட்டார்.

மாமா எங்கே லோரியை நிறுத்தினாரோ, எப்போது போனைத் திறந்தாரோ, நாங்கள் கிளம்புவதற்குள் பதில் வந்துவிட்டது. ‘வெயிட்டிங் லா’ என்று இருந்தது. டீச்சர் அதை அம்மாவிடம் காட்டினார். அம்மாவும் அழுதார். இரண்டு பெரிய மனுஷிகள், இரண்டு பிழையான வாக்கியங்களை வைத்துக்கொண்டு பூக்கடை வாசலில் மாறி மாறிக் கண்ணைத் துடைத்தார்கள். தப்பு என்று தெரிந்தும் ஓர் ஆங்கில டீச்சர் ஏன் அதைத் திருத்தாமல் அனுப்பினார் என்பது எனக்கு எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை.

திரும்பும் ரயிலில் அம்மாவின் காதோடு சொன்னேன்: “மாமா அவங்களையே கட்டிக்கட்டும்மா, பரவால்ல. ஆனா என்னைய மட்டும் அவங்க டியூஷன்ல சேத்துடாதீங்க.”